கருவியும் கரங்களும்

புதிய கைப்பேசி ஒன்று சந்தைக்கு வந்தால், நாளிதழ்கள் அதற்கு மதிப்புரை எழுதுகின்றன. படம்பிடிக்கும் திறன், மின்கலத்தின் ஆயுள், விலை யாவும் நுணுக்கமாக ஆராயப்படுகின்றன. நூலை மதிப்பிடுவோர் நூலாசிரியரைக் கூறாது விடுவதுண்டோ? இங்கோ, செய்த கரங்களைப் பற்றிப் பெரும்பாலும் ஒரு சொல்லும் இல்லை.

அக்கரங்கள் நமக்குத் தொலைவில் இல்லை. 2004 வரை நம் தர்மபுரி மாவட்டத்தோடு இணைந்திருந்த ஓசூர்ப் பகுதியில், டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலை ஐபோனுக்கான பாகங்களைச் செய்கிறது. பணியாளருள் பெரும்பாலோர் இளம்பெண்கள். 2024 செப்டம்பர் 28-இல் அங்குத் தீ மூண்டு உற்பத்தி நின்றது. தொடர்ந்து வந்த செய்திகள் பல, பண்டிகைக் காலத்தில் கைப்பேசிக்குத் தட்டுப்பாடு வருமா என்றே கணக்கிட்டன.

உழைப்பைக் குறித்துத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981-இல் வெளியிட்ட சுற்றுமடல், பொருளைவிட மனிதரே முதன்மையானவர் என்று கற்பிக்கிறது. மதிப்புரைக்கும் இதுவே அளவுகோல். ஆலை வந்ததால் பல இல்லங்களுக்கு மாத ஊதியம் வந்திருப்பதை மறுப்பதற்கில்லை. கருவியை வெறுக்குமாறும் நாம் கேட்கவில்லை. விலையை எழுதும் இடத்தில், செய்தவரின் கூலியையும் பணிநேரத்தையும் பாதுகாப்பையும் எழுதுங்கள் என்கிறோம். அவற்றை விட்டுவிட்டு எழுதுவது மதிப்புரை அன்று; விளம்பரமே.