கடிக்காத பற்கள்: ரத்தக் காட்டேரிக் காதல் நாவல்களின் இருநூறு ஆண்டுகள்

வெயில் பட்டால் ரத்தக் காட்டேரி எரிந்து சாம்பலாகிவிடும் என்பது இன்று சிறுபிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்த சங்கதி. ஆனால் பிராம் ஸ்டோக்கர் 1897-இல் எழுதிய 'டிராகுலா'வில் காட்டேரியான பிரபு லண்டன் வீதியில் பட்டப்பகலில் நடமாடுகிறான். பகலில் அவன் சக்தி குறையும், அவ்வளவுதான். வெயிலில் அழிந்துபோவது 1922-இல் ஜெர்மானிய இயக்குநர் முர்னாவ் எடுத்த 'நொஸ்ஃபெராட்டு' என்ற மௌனப் படத்தில் வந்து சேர்ந்தது. அதில் ஒரு பெண் தன் ரத்தத்தைத் தானே கொடுத்து, சேவல் கூவும்வரை காட்டேரியைத் தன்னருகே நிறுத்திவைக்கிறாள். அனுமதி பெறாமல் எடுத்த படம் என்று ஸ்டோக்கரின் மனைவி ஃப்ளோரன்ஸ் வழக்குப் போட்டார்; பிரதிகளை அழிக்க நீதிமன்றம் உத்தரவிட்டது. தப்பிப் பிழைத்த சில பிரதிகள் அந்த விதியைப் பரப்பின.

2005-இல் ஸ்டெஃபனி மேயர் தன் 'ட்வைலைட்' நாவலில் எட்வர்டு என்ற காட்டேரியை வெயிலில் வைரம்போல் மின்னவைத்தார். மரபைக் கெடுத்துவிட்டார் என்று ஒரு பெருங்கூட்டம் கொதித்தது. கெட்டுப்போனதாகச் சொல்லப்பட்ட அந்த மரபுக்கு அப்போது நூறு வயதுகூட ஆகவில்லை. கோபத்தின் உண்மையான காரணம் வேறு என்றே நினைக்கிறேன். ஆண்கள் தங்களுடையது என்று நினைத்திருந்த ஒரு பயங்கரக் கதையைப் பதினைந்து வயதுப் பெண்கள் காதல் கதையாக எடுத்துக்கொண்டார்கள். அதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

இந்த வகை எழுத்தைப் பேய்க்கதையின் கெட்டுப்போன கிளையாகப் பார்ப்பது தவறு. தொடக்கத்திலிருந்தே இதில் காதல் உண்டு. 1815-இல் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்ததில் மறு ஆண்டு ஐரோப்பாவில் கோடையே வரவில்லை. மழைக்கு ஒதுங்கி ஜெனீவா ஏரிக்கரை மாளிகையில் அடைந்துகிடந்த ஆங்கிலக் கவிஞர் பைரனும் நண்பர்களும் ஆளுக்கொரு பேய்க்கதை எழுதத் துணிந்தார்கள். மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்' பிறந்தது அங்கேதான். பைரனின் மருத்துவர் ஜான் பாலிடோரி 1819-இல் வெளியிட்ட 'தி வாம்பயர்' கதைக்கும் வித்து அங்கேதான். தன் முதலாளி பைரனின் சாயலிலேயே, பெண்களை மயக்கும் பிரபுவாக லார்டு ரத்வனை அவர் படைத்தார். கிராமத்து இடுகாட்டில் ஊதிப்போன பிணமாகக் கிடந்த காட்டேரி, அன்றைக்கு விருந்து மண்டபத்துக்குள் நுழைந்தது. கதை பைரன் பெயரிலேயே அச்சானது. உரிய பெருமை கிடைக்காமல் இருபத்தைந்து வயதில் பாலிடோரி இறந்துபோனார்.

அயர்லாந்துக்காரர் ஷெரிடன் லெ ஃபானு 1872-இல் 'கார்மில்லா'வை எழுதி முடித்தார். 'டிராகுலா'வுக்குக் கால் நூற்றாண்டு முந்தியது. ஆஸ்திரியாவின் ஸ்டிரியா பகுதியில் தனிமையான கோட்டையில் வளரும் லாரா, விருந்தாளியாக வந்த கார்மில்லாவின் அன்பில் சிக்குகிறாள். கதையைச் சொல்பவள் லாராவேதான். கார்மில்லா கொல்லப்பட்டு ஆண்டுகள் கழிந்த பிறகும், கூடத்தின் வாசலில் அவளுடைய மெல்லிய காலடி கேட்பதுபோல் லாராவுக்குத் தோன்றுகிறது. பயமும் ஏக்கமும் பிரிக்க முடியாமல் கலந்த இந்த நிலையை லெ ஃபானு எவ்வளவு நுட்பமாக எழுதியிருக்கிறார்! ஸ்டோக்கரின் புகழில் இது மறைந்துகிடப்பது எனக்குத் தீராத வருத்தம்.

காட்டேரி தன்னைத்தானே வெறுக்கத் தொடங்குவது இந்தத் துறையின் பெரிய திருப்பம். 1840-களில் லண்டனில் ஒரு பென்னி விலையில் வாரவாரம் வந்த 'வார்னி' தொடர்கதையின் நாயகனே, கடைசியில் வெசூவியஸ் எரிமலைக்குள் குதித்து உயிரை மாய்த்துக்கொள்கிறான். ஆனால் அந்தக் குற்ற உணர்ச்சி ஒரு பெரும் ரசிகர் கூட்டத்தைக் கவர அமெரிக்கப் பகல்நேரத் தொலைக்காட்சி வரவேண்டியிருந்தது. 'டார்க் ஷேடோஸ்' தொடரில் 1967-இல் பார்னபஸ் காலின்ஸ் என்ற காட்டேரியைச் சில வாரங்களுக்கு மட்டும் என்று கொண்டுவந்தார்கள். வீட்டிலிருந்த பெண்களிடமிருந்தும் பள்ளிவிட்டு வந்த பிள்ளைகளிடமிருந்தும் கடிதங்கள் குவிந்தன. கொல்லவேண்டிய பாத்திரத்தைத் தொடரின் நாயகனாக்கினார்கள். அவனுக்கு மனச்சாட்சியும் முளைத்தது.

அடுத்து வந்தவர் ஆன் ரைஸ். 1972-இல் அவருடைய மகள் மிஷெல் ரத்தப் புற்றுநோயில் இறந்தாள்; ஆறு வயது நிரம்பவில்லை. மறு ஆண்டு ஒரு பழைய சிறுகதையை எடுத்து, சில வாரங்களில் நாவலாக வளர்த்தார். அதுதான் 1976-இல் வெளிவந்த 'இன்டர்வியூ வித் தி வாம்பயர்'. அதில் க்ளோடியா என்ற ஐந்து வயதுக் குழந்தை வருகிறாள். பொன்னிறச் சுருள்முடி, பொம்மை போன்ற முகம். ரத்தக் காட்டேரியாக்கப்பட்டதால் அவளுக்குச் சாவு கிடையாது, வளர்ச்சியும் கிடையாது. பத்தாண்டுகள் போகின்றன, இன்னும் பல ஆண்டுகள் போகின்றன. மனம் முதிர்ந்த பெண்ணுக்குரியதாகிவிட, உடம்பு அதே ஐந்து வயதில் நிற்கிறது. தன்னை இப்படிச் செய்தவர்களை அவள் பார்க்கும் பார்வையைப் படிக்கும்போது நெஞ்சு அடைத்துக்கொள்கிறது. எழுதிக்கொண்டிருந்தபோது மகளின் நினைவு இதில் இறங்குவதை உணரவில்லை என்று ரைஸ் பின்னாளில் சொன்னார். பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் எழுதிய நூலைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. அதே நாவலின் இன்னொரு காட்டேரியான லூயி, மனிதரைக் கொல்ல மனமில்லாமல் எலிகளின் ரத்தத்தைக் குடித்துக் காலம் தள்ளுகிறான்.

அந்த லூயியின் நேர் வாரிசுதான் மேயரின் எட்வர்டு. அரிசோனாவில் மூன்று சிறு ஆண்பிள்ளைகளின் தாயாக வீட்டிலிருந்த மேயர், 2003 ஜூனில் கண்ட ஒரு கனவைத் தொடர்ந்து மூன்று மாதத்தில் நாவலை முடித்தார். மழை அதிகம் பெய்யும் ஊர் எது என்று இணையத்தில் தேடி, கதைக்களமாக வாஷிங்டன் மாநிலத்தின் ஃபோர்க்ஸைத் தேர்ந்தெடுத்தார். அதுவரை அந்த ஊரை அவர் பார்த்ததில்லை. நான்கு நாவல்களும் சேர்ந்து உலகெங்கும் பத்துக் கோடிப் பிரதிகளைத் தாண்டின.

நாவலின் மையம் ஒரு வகுப்பறை. உயிரியல் பாடம், புதிதாகச் சேர்ந்த நாயகி பெல்லாவுக்கு எட்வர்டின் பக்கத்து நாற்காலி. அவன் விளிம்புக்கு நகர்ந்து, முகத்தைத் திருப்பி, முஷ்டியை இறுக்கி ஒரு மணிநேரமும் விறைத்து உட்கார்ந்திருக்கிறான். தன்னை ஏனோ வெறுக்கிறான் என்று அவள் நினைக்கிறாள். அவள் ரத்தத்தின் வாசனையை அவனால் தாங்க முடியவில்லை என்பது பிறகுதான் தெரிகிறது. 2020-இல் வந்த 'மிட்நைட் சன்' இதே காட்சியை அவன் பக்கமிருந்து சொல்கிறது. வகுப்பில் இருக்கும் அத்தனை பேரையும் கொன்றுவிட்டு அவளை அடையலாமா என்று அந்த ஒரு மணிநேரம் முழுக்க அவன் கணக்குப் போட்டிருக்கிறான். போட்டுவிட்டு எழுந்து போகிறான். கோடிக்கணக்கான பெண்கள் நேசித்தது அந்த எழுந்துபோதலைத்தான். எதையும் செய்யும் பலமுள்ள ஒருவன் தன் கையைத் தானே கட்டிப்போட்டுக்கொள்கிறான். ஆணின் பலத்தை எப்போதும் கணக்கில் வைத்தே தெருவில் நடக்கவேண்டிய பெண்களுக்கு அந்தக் கட்டுப்பாடு எவ்வளவு பெரிய விஷயம் என்பது, நையாண்டி செய்தவர்களுக்கு உறைக்கவில்லை.

ஜானிஸ் ராட்வே 1984-இல் வெளியிட்ட 'ரீடிங் தி ரொமான்ஸ்' என்ற ஆய்வு இதற்குத் துணை நிற்கிறது. அமெரிக்க நடுமேற்கின் ஓர் ஊரில், ஒரு புத்தகக் கடையைச் சுற்றிக் கூடிய பெண்களிடம் காதல் நாவல்களை ஏன் படிக்கிறீர்கள் என்று அவர் கேட்டார். கதையைப் பற்றிச் சொன்ன அளவுக்கு, படிக்கும் நேரத்தைப் பற்றியும் அவர்கள் சொன்னார்கள். புத்தகத்தைக் கையில் எடுத்தால் அந்நேரம் கணவனுக்கோ பிள்ளைக்கோ சேராது. கொடுமைக்கார நாயகனை அவர்கள் விரும்பவில்லை. முரட்டுத்தனத்துக்கு அடியில் பரிவு இருந்தாகவேண்டும். லெண்டிங் லைப்ரரியில் ரமணிசந்திரன் நாவலை வாங்கி, மதியச் சமையல் முடிந்தபின் படித்த நம் அம்மாக்களும் அத்தைகளும் இதையேதான் சொல்வார்கள். ஆனால் அவர்களை யாரும் உட்காரவைத்துக் கேட்கவில்லை.

இதற்காக மேயரின் குறைகளை மூடி மறைக்க வேண்டியதில்லை. பெல்லாவுக்குத் தெரியாமல் இரவில் அவள் அறைக்குள் வந்து அவள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பது காதல் ஆகாது. அதைவிடப் பெரிய குறை, கதைக்காக ஒரு பழங்குடியின் பெயரை எடுத்துக்கொண்டது. குயிலூட் மக்கள் ஃபோர்க்ஸ் அருகே லா புஷ் கடற்கரையில் வாழும் சிறிய இனம். அவர்களுடைய ஓநாய்த் தொன்மத்தில் கற்பனையைக் கலந்து ஓநாய் மனிதர்களை உருவாக்கினார் மேயர். நாவலைப் படித்து ஊர் பார்க்க வந்தவர்களால் விடுதிகளும் கடைகளும் செழித்தன. குயிலூட் மக்களின் கவலையோ சுனாமி. கடல் மட்டத்தை ஒட்டிய தங்கள் பள்ளியை மேட்டு நிலத்துக்கு மாற்றப் பல்லாண்டுகள் போராடினார்கள். 2012-இல் வந்த ஒரு சட்டம் தேசியப் பூங்கா நிலத்தில் ஒரு பகுதியை அவர்களுக்குத் தந்தது; 2022-இல் புதுப் பள்ளி திறந்தது.

வாசகரே எழுத்தாளராவது இந்தத் துறையின் இன்னொரு தன்மை. 'ட்வைலைட்' பாத்திரங்களை வைத்து இணையத்தில் ரசிகையாக எழுதத் தொடங்கிய ஈ.எல். ஜேம்ஸ், பெயர்களை மாற்றி 2011-இல் 'ஃபிஃப்டி ஷேட்ஸ் ஆஃப் கிரே' ஆக்கினார். எல்.ஜே. ஸ்மித்தின் கதை இதற்கு நேர்மாறானது. 1991-இல் 'தி வாம்பயர் டயரீஸ்' எழுதியவர் அவர்தான்; ஆனால் கூலிக்கு எழுதித்தரும் ஒப்பந்தம் என்பதால் உரிமை நிறுவனத்திடம் இருந்தது. 2011-இல் அவரை விலக்கிவிட்டு வேறு கைகளால் தொடரை எழுதவைத்தார்கள். ரசிகர் எழுத்துக்காக அமேசான் நடத்திய தளத்தில் 2014-இல் ஸ்மித் தன் கதையைத் தொடர்ந்தார். தான் பெற்ற பாத்திரங்களைப் பற்றித் தானே ரசிகையாக நின்று எழுதினார். படைத்தவளின் பாசத்தை எந்த ஒப்பந்தத்தாலும் பறிக்க முடியவில்லை.

இந்த மோகம் உடையிலும் இறங்கியது. டிராகுலாவின் மேலங்கியில் நிமிர்ந்து நிற்கும் பெரிய கழுத்துப்பட்டை 1924-இல் ஹாமில்டன் டீன் மேடையேற்றிய நாடகத்தில் வந்தது. பார்வையாளருக்கு முதுகு காட்டி நிற்கும் நடிகர், அங்கிக்குள்ளிருந்து நழுவி மேடைத் தரையின் கதவு வழியே மறைய வேண்டும். தலை தெரியாதிருக்க அந்தப் பட்டை உதவியது. 1980-களில் 'கோத்' இசை ரசிகர்களான இளைஞர்கள் கறுப்புப் பட்டும் லேஸும் அணிந்து காட்டேரியின் தோற்றத்தை நாள்தோறும் உடுத்தும் உடையாக்கினார்கள். டிராகுலா வந்த கப்பலை ஸ்டோக்கர் கரைதட்டவைத்த இங்கிலாந்தின் விட்பி நகரில் 1994 முதல் அவர்களுடைய விழா நடந்துவருகிறது.

தொடங்க விரும்புவோர் 'கார்மில்லா'வில் தொடங்குங்கள். நூறு பக்க அளவுதான். காப்புரிமைக் காலம் முடிந்ததால் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. பிறகு ஆன் ரைஸ். வீட்டில் 'ட்வைலைட்'டைத் தலையணைக்கடியில் வைத்திருக்கும் பெண் இருந்தால் அந்தப் புத்தகத்தைப் பிடுங்காதீர்கள். நீங்களும் அதைப் படியுங்கள். எந்தப் பக்கம் அவளுக்குப் பிடித்தது, ஏன் பிடித்தது என்று கேளுங்கள். எட்வர்டு இரவில் அறைக்குள் வந்து நிற்கும் பக்கத்தைப் பற்றியும் அவளிடம் பேசுங்கள்.