பகிடிவதைச் சட்டமும் மாணவர் உரிமையும்

ஒரு சட்டம் யாருடைய நலனைக் காக்க எழுந்தது என்பதை அதன் பெயர் கொண்டு துணிதல் இயலாது. எக்குற்றத்துக்கு எவ்வளவு தண்டனை விதிக்கின்றது என்பதையும் நோக்குதல் வேண்டும். கல்வி நிறுவனங்களிற் பகிடிவதையையும் வேறு வகையான வன்முறைகளையும் தடைசெய்வதற்கென இலங்கைப் பாராளுமன்றம் 1998ஆம் ஆண்டில் நிறைவேற்றிய 20ஆம் இலக்கச் சட்டத்தை இந்நோக்கிலே ஆராய்ந்தோர் சிலரே.

சட்டம் தேவைப்பட்டது என்பதில் ஐயமில்லை. 1975இற் பேராதனையிலே பகிடிவதைக்கு அஞ்சி விடுதியின் மேல்மாடியிலிருந்து குதித்த மாணவியொருத்தி முடமாகி, எஞ்சிய வாழ்நாளை அந்நிலையிலேயே கழித்தாள். 1997இல் அதே பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடத்திற் புதிதாகச் சேர்ந்த தமிழ் மாணவனொருவன், சிரேஷ்ட மாணவர் வற்புறுத்திச் செய்வித்த கடும் உடற்பயிற்சியின் விளைவாகச் சிறுநீரகங்கள் செயலிழந்து இறந்தான். இக்கொடுமைகளைப் ‘பகிடி’ என்ற சொல்லாற் குறிப்பதே நமது மொழிக்கு நேர்ந்த அவமானம் எனலாம்.

இனிச் சட்டத்தின் வாசகத்துக்கு வருவோம். மாணவருக்கோ ஊழியருக்கோ உடற்காயம், உளக்காயம், மனவேதனை அல்லது அச்சம் விளைவிக்கும் செயலைப் பகிடிவதை என அது வரையறுக்கின்றது. நல்ல வரையறை, உடலோடு உள்ளத்தையும் கணக்கிற் கொண்டமை பாராட்டத்தக்கது. இக்குற்றத்துக்கு உச்சத் தண்டனை இரண்டு ஆண்டுச் சிறை. பாலியற் தொல்லையோ கடுங்காயமோ விளையின் பத்து ஆண்டுகள். இதே சட்டத்தில், கல்வி நிறுவனமொன்றின் கட்டடத்தைப் பலவந்தமாக ஆக்கிரமிப்போருக்கும் பத்து ஆண்டுகள் வரை சிறை உண்டு. நிறுவனத்தின் சொத்துக்குச் சேதம் விளைவிப்போருக்கோ இருபது ஆண்டுகள் வரை!

இவை உச்ச எல்லைகளே, நீதவான் குறைத்தும் விதிக்கலாம் என்று சட்டம் பயின்றோர் கூறுவர். உண்மைதான். ஆயினும் உச்ச எல்லை என்பது குற்றத்தின் பாரதூரத்தைச் சட்டவாக்கச் சபை எவ்வாறு மதிப்பிட்டது என்பதைக் காட்டும் அளவுகோலாகும். அவ்வளவுகோலின்படி, புதுமுக மாணவியொருத்தியின் மானத்திலும் பார்க்க மேசை நாற்காலிகள் இரு மடங்கு பெறுமதி வாய்ந்தவை. சொத்துரிமையைச் சுற்றிக் கட்டப்பட்ட சமுதாயத்தின் சட்டம் இவ்வாறு பேசுவதில் வியப்பில்லை. வியப்பளிப்பது, இளைஞனொருவனின் பிணத்தின் முன் நின்று இதனைப் பேச முடிந்தமையே.

நிர்வாகக் கட்டடத்தை மறித்து அமர்வது உலகெங்கும் மாணவர் கையாண்ட போராட்ட முறை. விடுதி வசதியும் உதவிப்பணமும் வேண்டி இந்நாட்டு மாணவர் கையாண்டதும் அதுவே. அத்தகைய மறியல், பலவந்த ஆக்கிரமிப்பு என நிர்வாகத்தினராற் பெயர் சூட்டப்பட்டால், சக மாணவனை வதைப்பவனும் அவனுக்காகக் கோரிக்கை எழுப்புபவனும் ஒரே சட்டத்தின் கீழ்க் கூண்டேற நேரும். 1976 நவம்பரிற் பேராதனையிற் பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டுக்கு மாணவனொருவன் பலியானதை அறிந்த தலைமுறைக்கு இந்த அச்சம் கற்பனையன்று.

எனினும் அரசைக் கண்டிப்பதோடு அமைதி கொள்வது முற்போக்கு விமர்சனத்துக்கு அழகன்று. பகிடிவதை வர்க்க பேதத்தை அழிக்கின்றது. கொழும்பின் செல்வந்தன் மகனையும் கிராமத்துக் கமக்காரன் மகனையும் ஒரே நிலைக்குக் கொணர்கின்றது என்றொரு வாதம் நம் மாணவரிடையே நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. இடதுசாரிச் சொற்களை இரவல் வாங்கிய நிலமானியச் சிந்தனை இது. மூப்பை அதிகாரமாக்கிப் பணிவைக் கடமையாக்கும் முறை சமத்துவத்தை எங்ஙனம் பயிற்றும்? செல்வந்தன் மகன் வேண்டின் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போய்விடுவான். இலவசக் கல்வியைத் தவிர வேறு கதியற்ற கமக்காரன் மகனே அடியைத் தாங்கி அங்கு நிற்பவன். தாங்க முடியாதபோது படிப்பைக் கைவிட்டு ஊர் திரும்புபவனும் அவனே. சட்டம் வந்து நான்கு ஆண்டுகளின் பின், 2002இல், ஸ்ரீ ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழகத்திற் பகிடிவதையை எதிர்த்து நின்ற மாணவனொருவன் சக மாணவராலேயே தாக்கப்பட்டு உயிர் நீத்தான். அவனது சாவுக்குப் பின்னரும் அவ்வாதத்தைக் கைவிடாத மாணவர் தலைமைக்கு, உரிமை பற்றிப் பேசும் தகுதி எங்கிருந்து வரும்?

உரிமையும் ஒழுங்கும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல என்பதற்கு அமெரிக்க வழக்கொன்று சான்று. 1960இல் அலபாமா மாநிலத்து மொண்ட்கொமரி நகரிலே, வெள்ளையருக்கென ஒதுக்கப்பட்ட நீதிமன்றச் சிற்றுண்டிச்சாலையிற் சென்றமர்ந்த கறுப்பின மாணவர் ஒன்பதின்மரை அவர்களது கல்லூரி விசாரணையின்றி விலக்கியது. அரசாங்கக் கல்லூரி எதுவும் குற்றச்சாட்டை முன்னரே அறிவித்து, மறுமொழி கூற வாய்ப்பளித்த பின்னன்றி மாணவரை விலக்கலாகாது என 1961இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கல்லூரி தந்தையின் இடத்தில் நின்று தண்டிக்கும் என்ற பழைய கொள்கை அங்கே ஆட்டம் கண்டது. நம் நாட்டிலோ விசாரணைக்கு முன்னரே வகுப்புத் தடை விதிப்பது நிர்வாகத்துக்குப் பழகிப்போன கருவியாயிருக்கின்றது. குற்றமற்றவன் என முடிவு வரினும் இழந்த பரீட்சையை யார் மீட்டுக் கொடுப்பார்?

1998ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டாகப் பிரிக்கப்படல் வேண்டும். மாணவரை மாணவர் வதைப்பதற்கான பகுதி தனித்து நின்று, இன்னும் கூர்மை பெறட்டும். ஆக்கிரமிப்பும் சொத்துச் சேதமும் அதிலிருந்து நீங்கட்டும். அவற்றுக்குச் சாதாரண குற்றவியற் சட்டமே போதும். இவற்றிலும் அவசரமான காரியம் ஒன்றுண்டு. முறைப்பாடு செய்த புதுமுக மாணவன் அன்றிரவே, தான் யார்மீது முறையிட்டானோ அவர்கள் உலாவும் விடுதிக்குத்தான் திரும்பிச் செல்ல வேண்டும். அவன் பாதுகாப்பாக உறங்குவதற்கு வேறோர் அறை ஒதுக்கப் பாராளுமன்றம் கூட வேண்டியதில்லை. விடுதிக் காப்பாளரும் மாணவர் சங்கமும் மனம் வைத்தாற் போதும்.