மூன்று அலமாரி, ஒரே பட்டியல்

மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்காவில் காலையில் நடக்க வருகிறவர்கள் ஒருவருக்கொருவர் கைமாற்றிக்கொள்வது இரண்டு: வைத்திய யோசனை, புத்தகப் பரிந்துரை. பல நாள் இரண்டும் ஒன்றாகவே வரும். "சார், இந்த புக்கை ஒரு தடவை படிங்க, சுகர் மாத்திரையே வேண்டாம்னு வச்சிடுவீங்க." (பூங்காவுக்குப் பெயர் தந்த காசிநாதுனி நாகேஸ்வர ராவ் அமிர்தாஞ்சனத்தை உருவாக்கியவர். தலைவலிக்கு மருந்து சொல்லும் பாத்தியதை அந்த இடத்துக்கு உண்டு என்றே வைத்துக்கொள்ளலாம்.) ஜனவரியில் நந்தனத்தில் புத்தகக் காட்சி தொடங்கியதும் இதே பரிந்துரைகள் பட்டியலாக அச்சேறும். இயற்கை, அறிவியல், உடல்நலம் மூன்றும் "பயனுள்ள நூல்கள்" என்ற ஒரே தலைப்பில் வந்துவிடும். படிக்கத் தூண்டுகிற எந்தப் பட்டியலும் நல்லதுதான். ஆனால் மூன்றையும் ஒரே தராசில் நிறுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இயற்கை பற்றிய நூல்களில் தமிழின் கை ஓங்கியே இருக்கிறது. அந்தப் பெருமையில் மயிலாப்பூருக்கும் பங்குண்டு. இன்று டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலை எனப்படும் எட்வர்ட் எலியட்ஸ் சாலையில் வாழ்ந்த மா. கிருஷ்ணன், 1950 முதல் 1996இல் இறக்கும்வரை ஸ்டேட்ஸ்மன் இதழில் ஆங்கிலத்தில் இயற்கைப் பத்தி எழுதியவர். அவருடைய தமிழ்க் கட்டுரைகளை சு. தியடோர் பாஸ்கரன் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்றும், பெருமாள்முருகன் 'பறவைகளும் வேடந்தாங்கலும்' என்றும் தொகுத்தார்கள். கிருஷ்ணன் கண்ணால் பார்த்ததை எழுதுகிறவர். படிப்பவரும் போய்ப் பார்த்துச் சரிபார்க்கலாம். அடையாறு முகத்துவாரமும் கிண்டியின் வெளிமான்களும் பேருந்தில் போகிற தூரம்தான். எழுதியவர் தவறியிருந்தால் பறவையே காட்டிக்கொடுத்துவிடும்.

இந்த வகை நூல்களுக்கு வயதாவதும் நல்லதே. வேடந்தாங்கல் சரணாலயத்தின் ஐந்து கிலோமீட்டர் ஆரத்தைக் குறைக்கும் யோசனை 2020இல் எழுந்து எதிர்ப்பைக் கிளப்பியது. அப்படிப்பட்ட நேரத்தில், அந்த ஏரியையும் அதன் பறவைகளையும் பற்றிப் பல ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்டவை வெறும் இலக்கியமாக நிற்பதில்லை, சாட்சியமாகிவிடுகின்றன. குறை என்று சொன்னால், இவை விற்பது குறைவு. பூங்காவில் யாரும் மூச்சிரைக்க இவற்றைப் பரிந்துரைத்து நான் கேட்டதில்லை.

அறிவியல் நூல்களைச் சீக்கிரமே கடந்துவிடலாம். வழக்கறிஞரான பெ. நா. அப்புசாமி (1891–1986) பாடுபட்டு அமைத்த மேடையில் சுஜாதா வந்து கைதட்டல் வாங்கினார். ஜூனியர் விகடனில் அவர் எழுதிய 'ஏன், எதற்கு, எப்படி' ஒரு தலைமுறையையே கேள்வி கேட்க வைத்தது. அது சின்னச் சாதனை இல்லை. அந்த உத்தியின் பலவீனமும் அதிலேயே இருந்தது. விடை ஒரு நகைச்சுவையோடு சட்டென்று கிடைத்துவிடும். அந்த விடைக்கு எப்படி வந்து சேர்ந்தார்கள், யார் மறுத்தார்கள் என்பதற்குப் பத்தியில் இடமிருக்காது. பிறகு அதே உத்தியைப் பிடித்துக்கொண்டவர்களிடம் நகைச்சுவையும் இல்லை. தகவல் பழசாவதில் மட்டும் பெரிய ஆபத்தில்லை. மனித மரபணுக்கள் ஒரு லட்சம் வரை இருக்கலாம் என்று 1990களில் மதிப்பிட்டார்கள். இன்றைய கணக்கு ஏறக்குறைய 20,000. பழைய நூலை நம்பினால் வினாடி வினாவில் ஒரு மதிப்பெண் போகும், அவ்வளவுதான்.

உடல்நல நூல்களில் சங்கதி வேறு. புத்தகக் காட்சியில் ஏதாவது ஒன்றை எடுத்து, பதிப்பு விவரம் உள்ள பக்கத்தைப் பாருங்கள். முதல் பதிப்பு ஒரு காலம், பதினைந்தாம் பதிப்பு இன்னொரு காலம். இடையில் மாறியவை பெரும்பாலும் அட்டையும் விலையும்தான். "ஆய்வுகள் கூறுகின்றன" என்று வரும். எந்த ஆய்வு, எந்த ஆண்டு என்று வராது. பொருளடைவும் இருக்காது.

ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்வோம், அல்சர். காரம், கவலை, வேளைக்குச் சாப்பிடாதது என்று காரணம் சொன்ன காலம் ஒன்று உண்டு. ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் 1982இல் இரைப்பையில் வாழும் ஒரு பாக்டீரியாவை வளர்த்துக் காட்டினார்கள். மருத்துவ உலகம் நம்பவில்லை. 1984இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. பெரும்பாலான அல்சருக்கு அந்தக் கிருமியோ வலி மாத்திரைகளோதான் காரணம். கிருமியென்றால் ஆன்டிபயாடிக் கொடுத்துக் குணமாக்கலாம். பழைய பக்கம் மட்டும் அப்படியே மறு அச்சாகி வந்தால், அதைப் படிப்பவர் மிளகாயைக் குறைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் காத்திருப்பார். மார்ஷல் தன் உடம்பில் சோதித்தார், தெரிந்தே சோதித்தார். நம் வாசகர் சோதனை நடப்பது தெரியாமலே தன் உடம்பைக் கொடுக்கிறார்.

இன்னும் அருகில், அடையாறு. புற்றுநோய் நிறுவனம் பல ஆண்டுகளாகப் பராமரித்துவரும் பதிவேட்டின்படி, 1980களில் சென்னைப் பெண்களிடம் முதலிடத்தில் இருந்தது கருப்பை வாய்ப் புற்று. இன்று மார்பகப் புற்று. கருப்பை வாய்ப் புற்றுக்கு வைரஸ் காரணம் என்று காட்டியவருக்கு 2008இல் நோபல் கிடைத்தது. தடுப்பூசி 2006இலேயே வந்துவிட்டது. அதற்கு முன் எழுதப்பட்ட நூலில் தடுப்பூசி இருக்க வழியில்லை. அந்த நூலை இன்று மகளுக்கு வாங்கிக் கொடுக்கும் தாய்க்கு இது எப்படித் தெரியும்?

இதற்காக இந்த நூல்களைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. மருத்துவர் ஒதுக்கும் சில நிமிடங்களில் வாய் திறக்கக் கூசுகிறவர்களுக்கு மாதவிடாய், மூலம், மன அழுத்தம் பற்றிப் பேசச் சொற்களைக் கொடுத்தவை இவையே. நோயாளியைப் புரிந்துகொண்டு தமிழில் எழுதும் மருத்துவர்களும் இருக்கிறார்கள். வீடியோக்களோடு ஒப்பிட்டால் மோசமான நூல்கூடக் கொஞ்சம் நிதானமானது. 2018இல் திருப்பூரில் யூடியூப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்த்ததில் ஒரு பெண் இறந்துபோனார். ஆனால் அச்சுக்கு வீடியோவைவிட மதிப்பு அதிகம், அதனால் பொறுப்பும் அதிகம். பதிப்பாளர் இதை உணர்வதற்கு முன் பரிந்துரைப்பவர் உணரலாம். "எந்த வருஷம் திருத்தினது?" என்று பூங்காவில் ஒருவர் கேட்டாலே பாதிப் பரிந்துரைகள் வாபஸாகிவிடும்.

லஸ் பக்கம் பழைய புத்தகக் கடையில் 1960களின் உடல்நல நூல் கிடைத்தால் நான் பேரம் பேசாமல் வாங்குவேன். அந்தக் காலத்துச் சென்னை எதற்கெல்லாம் பயந்தது, எதை மருந்தென்று நம்பியது என்று தெரிந்துகொள்ள அதைவிட நல்ல ஆவணம் கிடையாது. அதை கிருஷ்ணன் பக்கத்தில்தான் வைப்பேன். சர்க்கரை இருக்கிற மாமாவிடம் மட்டும் கொடுக்க மாட்டேன்.