கிளினிக் கொப்பியும் பாஸ்புத்தகமும்

கிளினிக் முடிந்து ஹாலிஎலயில் பஸ் இறங்கும் தோட்டத்து வயசாளிகளைப் பாருங்கள். கையில் கிளினிக் கொப்பி, அதற்குள் ஒரு துண்டு. ஆஸ்பத்திரியில் கிடைக்காத மருந்தின் பெயர் அதில் இருக்கும். வெளியே வாங்கப் போனால் பாமசியில் சொன்ன விலைதான். "அஞ்சு நாளைக்கு மட்டும் வெட்டிக் குடுங்க தம்பி" என்று ஒரு அம்மா கேட்டார். கத்தரிக்கோல் எடுத்து மாத்திரைக் கார்டைப் பாதியாக வெட்டிக் கொடுத்தார் தம்பி.

தனியாளுக்குப் பேரம் பேச வாய் இல்லை. நாட்டுக்கும் ஒருகாலத்தில் இதே கதிதான். ஒரே மருந்தை இறக்குமதிக்காரர்கள் ஆளுக்கொரு பிராண்ட் பெயரில் வாங்கினார்கள். எங்கள் ஊவாவின் பிபிலை மண்ணோடு தொடர்புடைய பேராசிரியர் சேனக பிபிலேயைத் தலைவராகக் கொண்டு 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவானது. மருந்தை மூலப்பெயரில் கேட்டு, உலகம் முழுக்கக் கேள்விமனு கோரி, மொத்தமாக வாங்கியதில் விலை இறங்கியது. மருந்துப் பட்டியலைச் சுருக்கியதில்தான் சூட்சுமம்: ஒரே சரக்குக்கு இருபது பெயர் இருந்தால் மொத்தம் எங்கிருந்து வரும்? 1977க்குப் பிறகு தனியார் இறக்குமதிக்குக் கதவு திறந்தது. அரச ஆஸ்பத்திரிகளுக்கான கொள்வனவு மட்டும் கூட்டாகவே நிலைத்தது.

தமிழ்நாடு இந்தக் கூட்டுக் கொள்வனவுக்கு 1994இல்தான் வந்தது, தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் என்ற பெயரில். டெண்டரும் சுருக்கமான பட்டியலும் அங்கேயும் உண்டு. கம்பெனிப் பெயரை மறைத்து மாதிரியைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்புகிறார்கள். தேறினால்தான் சரக்கு வெளியே போகும். எனக்குப் பிடித்தது பாஸ்புத்தகம். ஒவ்வோர் ஆஸ்பத்திரிக்கும் ஒன்று. இத்தனை ரூபாய்க்கு எடுக்கலாம் என்று அதில் வரவு வைத்திருப்பார்கள்; மாவட்டக் கிடங்கில் எடுக்க எடுக்கக் கழியும். கிராமத்துச் சின்ன ஆஸ்பத்திரியும் தன் தேவையைப் பார்த்து எடுக்கிற வாடிக்கைக்காரர் ஆகிவிடுகிறது.

இங்கே இலங்கையில் ஆஸ்பத்திரி வருடாந்த மதிப்பீட்டைக் கொழும்புக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கும். விலை குறையும் என்று கூட்டில் சேர்கிறார்கள், சரி. ஆனால் கையில் கணக்கு இருப்பவருக்கும் வரிசையில் நிற்பவருக்கும் அந்தக் கூட்டு ஒன்றல்ல. 2022இல் டொலர் தீர்ந்தபோது பற்றாக்குறையும் கூட்டாகவே வந்தது. அந்த வருடம் இந்தியா கொடுத்த கடனில் மருந்தும் அடக்கம்.

அந்த அம்மாவின் அரைக் கார்டை வாங்கித் திருப்பிப் பார்த்தேன். தயாரிப்பு இந்தியா என்றிருந்தது. காலாவதித் திகதி கடையில் மிஞ்சிய மற்றப் பாதியில் போய்விட்டது.