மனப்பாடப் பேச்சும் விளிப்புச் சீட்டும்

மனப்பாடம் செய்து பேசுகிறவர்கள்மீது நம் வட்டாரத்தில் எப்போதும் ஓர் இளக்காரம் உண்டு. கிளிப்பிள்ளை என்போம், டேப்ரிக்கார்டர் என்போம். எழுதிக் கொடுத்ததை ஒப்பிக்கிறவனுக்குச் சொந்தச் சிந்தனை கிடையாது, தட்டுத்தடுமாறினாலும் மனசிலிருந்து பேசுகிறவன்தான் உண்மையானவன் என்பது நமது தீர்ப்பு. சரி, தீர்ப்பளிக்கிற நாம் என்ன செய்கிறோம்? கருத்தரங்குக்குப் போனால் இருபது பக்கக் கட்டுரையைக் குனிந்த தலை நிமிராமல் வாசிக்கிறோம். அமர்வுத் தலைவர் துண்டுச்சீட்டு அனுப்பியதும் நடுவில் நான்கு பக்கத்தைத் தள்ளிவிட்டு முடிவுக்குத் தாவுகிறோம். எதிரில் இருப்பவர் முகம் நமக்குத் தெரிவதே இல்லை. காகிதம் கையில் இருந்தால் ஆய்வு, மண்டைக்குள் இருந்தால் ஒப்பித்தல். இது என்ன கணக்கு?

நான் ஒப்பித்து வளர்ந்தவன். எட்டாவது படிக்கும்போது சுதந்திர தின விழாவில் பேச என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். தலைப்பு 'சமத்துவம்'. தமிழய்யா கோடு போட்ட தாளில் நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தார். எந்த இடத்தில் குரலை உயர்த்துவது, எந்தச் சொல்லில் வலது கை மேலே போவது, எங்கே மூச்சு வாங்குவது எல்லாவற்றுக்கும் சிவப்பு மையில் குறி போட்டிருந்தார். பத்து நாள் மாடு மேய்க்கப் போன இடத்தில் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். மாடுகளுக்கே பாடமாகியிருக்கும்.

மேடையேறுவதற்குக் கொஞ்சம் முன்னால் அய்யா ஒரு சின்னச் சீட்டைக் கையில் திணித்தார். 'இதை மட்டும் பார்த்தே படிடா, ஒண்ணும் மாறிடக் கூடாது' என்றார். யார் யாரை எந்த வரிசையில் விளிக்க வேண்டும் என்கிற பட்டியல். தலைமையாசிரியர், பள்ளிக்கு நிலம் கொடுத்த குடும்பத்துப் பெரியவர், கூட்டுறவுச் சங்கத் தலைவர் என்று ஆறு 'அவர்களே'. ஊராட்சி மன்றத் தலைவர் பெயர் அதில் இல்லை. அவர் இடஒதுக்கீட்டில் வந்தவர், காலனியைச் சேர்ந்த பெண். மேடைக்குக் கீழே ஓரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் சீட்டைப் படித்தேன், பிறகு நான்கு நிமிஷம் சமத்துவத்தை ஒப்பித்தேன். ஒரு சொல் பிசகவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள், அந்த அம்மாவும் தட்டினார். எனக்கு ஒரு டிபன் பாக்ஸ் கிடைத்தது.

இதை நான் புரிந்துகொண்டது வெகுகாலம் கழித்துத்தான். மனப்பாடப் பேச்சின் உடல் எந்த மேடைக்கும் பொருந்தும். சமத்துவம், மரம் நடுதல், தாய்மொழிப் பற்று எதுவானாலும் அதே ஏற்ற இறக்கம், அதே கையசைவு. எங்கே ஒப்பித்தாலும் யாருக்கும் சேதமில்லை. எங்கும் பொருந்தாத பகுதி ஒன்றே ஒன்றுதான்: விளிப்பு. அதை மனப்பாடம் செய்ய முடியாது. அந்தந்த ஊரின் அதிகாரம் அந்தந்த நேரத்தில் எழுதித் தருவது அது. பிரதியைக் கட்டுடைக்கிறோம் என்று புறப்பட்ட நாம் பேச்சின் உள்ளடக்கத்தை வரிவரியாகப் பிரித்துப் போட்டோம். 'அவர்களே'க்களை மட்டும் வெறும் சம்பிரதாயம் என்று தாண்டிவிட்டோம். (நமது கூட்டங்களின் அழைப்பிதழ்களை எடுத்துப் பாருங்கள். தலைமை யார், முன்னிலை யார், நன்றியுரை யார் தலையில் விழுகிறது?)

தமிழ் மேடைப்பேச்சு தொன்றுதொட்டு வருவது என்கிற கதையாடலை நம்புகிறவர்கள் பெர்னார்ட் பேட் எழுதியதைப் படிக்கலாம். கோயில் பிரசங்கத்துக்கே கிறித்தவ மறையுரையின் கடன் உண்டு என்று காட்டியவர் அவர். பீட்டர் பெர்சிவலோடு விவிலிய மொழிபெயர்ப்பில் வேலை செய்த ஆறுமுக நாவலர்தான் 1847 டிசம்பர் 31 அன்று வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தம் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். மதுரைப் பக்கம் தங்கி அரசியல் மேடைகளைக் கவனித்த பேட், 2009இல் வந்த நூலில் வேறொன்றும் சொல்கிறார்: மேடையில் செந்தமிழ் பேசுவது பழைய வழக்கமல்ல, திராவிட இயக்கத்தார் உண்டாக்கிய நவீன அழகியல். பெரியார் பேசியது வீட்டுத் திண்ணைத் தமிழ். மணிக்கணக்கில் பேசுவார், ஆட்சேபம் இருந்தால் கேட்கச் சொல்வார். அண்ணாவும் அவருக்குப் பின் வந்தவர்களும் அடுக்குமொழியை மேடைக்குக் கொண்டுவந்தார்கள். 1952இல் 'பராசக்தி' வந்த பிறகு அதன் நீதிமன்றக் காட்சியைத் தலைகீழாக ஒப்பிக்காத இளைஞன் ஊரில் இல்லை என்றானது. வசனம் புத்தகமாக விற்றது. நடிக்க வாய்ப்புக் கேட்டுப் போனவர்கள் அதைத்தான் பேசிக் காட்டினார்கள். மேடையிலிருந்து திரைக்கும், திரையிலிருந்து பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கும் போய்ச் சேர்ந்தது இந்தத் தமிழ். இந்தப் பயணத்தில் கேள்வி கேட்கிற ஆள் காணாமல் போனார், கைதட்டுகிற ஆள் மிஞ்சினார்.

ஆனாலும் இந்தச் செந்தமிழை ஒரேயடியாகத் தூக்கிப்போட எனக்கு மனசு வரவில்லை. வாயைத் திறந்தால் எந்தத் தெரு என்று கண்டுபிடித்துவிடுகிற ஊர்கள் நம்முடையவை. 'பழம்' என்பது 'பளம்' என்று விழுந்தால் வகுப்பே சிரிக்கும். வீட்டில் பேசுகிறபடி ஒரு பிள்ளை மேடையில் பேசினால் முதல் வாக்கியத்திலேயே அதன் சாதியை எடைபோட்டு முடித்திருப்பார்கள். மனப்பாடம் செய்த மேடைத்தமிழ் யார் வீட்டிலும் பேசுகிற மொழியல்ல, எழுதிக் கொடுத்த வாத்தியார் வீட்டிலும்தான். அதனாலேயே அது ஓர் ஒதுங்கிடம். முதல் தலைமுறையாகப் படிக்க வந்த எத்தனையோ பேர் அதற்குள் நின்றுதான் முதன்முதலாகக் கூட்டத்தின் முகத்தை நேருக்கு நேர் பார்த்தார்கள். அந்த ஒதுங்கிடத்துக்கு வாடகையும் உண்டு. உன் ஆத்தா பேசுகிற பேச்சு மைக்குக்கு ஆகாது என்பதைப் பத்து வயசிலேயே கற்றுக்கொண்டாக வேண்டும்.

எழுதி வைத்துப் பேசுவது கோழைத்தனம் என்கிறவர்களுக்கு 1936ஐ ஞாபகப்படுத்தத் தோன்றுகிறது. லாகூரின் ஜாத்-பாத் தோடக் மண்டல் தனது மாநாட்டுக்குத் தலைமை தாங்க அம்பேத்கரை அழைத்தது. உரையை முன்கூட்டியே பார்த்துவிட்டுச் சில பகுதிகளை எடுக்கச் சொன்னது. ஒரு காற்புள்ளியைக்கூட மாற்றமாட்டேன் என்று அவர் எழுதிவிட்டார். மாநாடே நடக்கவில்லை. பேசப்படாத அந்த உரையைச் சொந்தச் செலவில் அச்சடித்தார். அதுதான் 'சாதி ஒழிப்பு'. வாய்க்கு வந்ததைப் பேசிவிட்டுப் போகிறவராக இருந்தால் மண்டலுக்கு ஒரு பிரச்சினையும் இருந்திருக்காது. அங்கே ஒன்றிரண்டு வார்த்தையை விழுங்கிச் சமாளித்திருக்கலாம். எழுத்தாக இருந்ததுதான் வம்பு.

மறுபக்கமும் உண்டு. 2023 ஜனவரி 9 அன்று தமிழ்நாடு சட்டப்பேரவையில் ஆளுநர் ஆர்.என். ரவி, அமைச்சரவை எழுதிக் கொடுத்த உரையில் 'திராவிட மாடல்' என்பதையும் பெரியார், அம்பேத்கர், காமராசர், அண்ணா, கலைஞர் பெயர்கள் வந்த பகுதியையும் விட்டுவிட்டு வாசித்தார். அச்சிட்ட உரை மட்டுமே அவைக்குறிப்பில் ஏற வேண்டும் என்று முதல்வர் தீர்மானம் கொண்டுவர, ஆளுநர் எழுந்து வெளியேறினார். நமது 'மனசிலிருந்து பேசுகிறவன்' அளவுகோலை இங்கே வைத்துப் பாருங்கள். ஆளுநர்தான் சுதந்திரமான பேச்சாளர் ஆகிவிடுவார்! தேர்ந்தெடுக்கப்பட்ட ஓர் அரசு எழுதியதை, தேர்ந்தெடுக்கப்படாத ஒருவர் ஒரு சொல் பிசகாமல் ஒப்பிப்பது அடிமைத்தனமல்ல. அந்த இடத்தில் அதுதான் ஜனநாயகம். எழுதியது யார், வாசிப்பது யார், அடிக்கிற உரிமை யாருக்கு என்று கேட்காமல் மனப்பாடமா இல்லையா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இப்படித்தான் போய் முட்டிக்கொள்வோம்.

சில மாதங்களுக்கு முன் ஒரு பேச்சுப்போட்டிக்கு நடுவராகப் போயிருந்தேன். ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, பெண்கல்வி பற்றி மடமடவென்று வந்தவள், இரண்டாவது நிமிஷத்தில் நின்றுபோனாள். கை மேலே போனபடியே நின்றது. பிறகு கையை இறக்கிக்கொண்டு, 'எங்கூருக்கு சாயங்காலம் பஸ்ஸு கெடையாது சார், எங்கக்காவ அதனாலதான் நிப்பாட்டிட்டாங்க' என்றாள். கூடத்தில் சிலர் சிரித்தார்கள். அவள் மறுபடி ஆரம்பத்துக்குப் போய் 'அவையோர் அனைவருக்கும்' என்று தொடங்கினாள். மணி அடித்துவிட்டது.

மதிப்பெண் தாளில் உள்ளடக்கம், உச்சரிப்பு, உடல்மொழி, நேரம் என்று நான்கு கட்டம் இருந்தது. பக்கத்து நடுவர் 'பாவம், மறந்துட்டா' என்று சொல்லிக்கொண்டே உச்சரிப்பில் இரண்டு போட்டார். பஸ் விஷயத்தை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். அடுத்த பையன் மேடைக்கு வந்துவிட்டான். நானும் இரண்டுதான் போட்டேன்.