அரியலூருக்கு எந்த எண்?

"கம்பைல் ஆயிடுச்சுன்னா சரியா ஓடும்." ரஸ்ட்டில் ஆர்பிசி சர்வர் எழுதுறவங்க சொல்லும் பெருமை இது. டார்ப்பிசி நூலகம் இதற்கு நல்ல உதாரணம்: சேவையை ஒரு டிரெயிட்டாக எழுதினால், கிளையன்ட்டுக்கும் சர்வருக்கும் ஒரே டைப். ஆனா இரண்டும் ஒரே கோடிலிருந்து கம்பைல் ஆகும் வரைக்கும்தான் அந்த உத்தரவாதம்.

மாவட்டப் பட்டியல் ஒன்றை எனம் ஆக வைத்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். முதலில் பெரம்பலூர், அடுத்து திருச்சி. பெரம்பலூரிலிருந்து அரியலூர் 2001இல் பிரிந்தது, 2002இல் திரும்பச் சேர்ந்தது, 2007இல் மறுபடி பிரிந்தது. அகரவரிசைப்படி அரியலூரைத் தலையில் சேர்க்கிறீர்கள். பின்கோட் என்கோடிங் (தபால் பின்கோடு இல்லை!) பெயரை அனுப்பாது, வரிசை எண்ணைத்தான் அனுப்பும். பழைய கிளையன்ட் பெரம்பலூர் என்று 0 அனுப்ப, புது சர்வர் அதை அரியலூர் என்று வாசிக்கும். எர்ரரே வராது. டைப் சரி, ஊர் தப்பு. விண்ணப்பம் வேறு கலெக்டர் ஆபீஸுக்குப் போயிடும்.

டானிக்கோடு வரும் ப்ராஸ்ட், எனம் ஃபீல்டை வெறும் ஐ32 எண்ணாகத் தருகிறது. "இதுல என்ன டைப் சேஃப்டி?" என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. எனக்கு இதுதான் நேர்மையாகப் படுகிறது. ப்ரோட்டோ ஃபைலில் ஒவ்வொரு பெயருக்கும் எண்ணை நாமே எழுதுகிறோம். வரிசை மாறினாலும் எண் மாறாது. தெரியாத எண் வந்தால் என்ன செய்வது என்பதையும் நாமே முடிவு செய்யணும். 2002இல் மாவட்டம் போனாலும் அதன் எண் போகக்கூடாது. 2001 பதிவுகள் இருக்கே!

இரண்டு பக்கமும் சேர்ந்தே டிப்ளாய் ஆகுதுன்னா டார்ப்பிசி போதும். இல்லைன்னா அந்த ஐ32வைச் சகித்துக்கொள்ளுங்கள்.