மழை பெய்தால் மட்டும் அறுகிற இணைப்பு

மூன்றாண்டுப் பட்டத்தைவிட மூன்று மாதச் சான்றிதழ் மேல் என்று அண்மையில் மலையடிவாரக் கல்லூரி ஒன்றின் மேடையில் ஒருவர் பேசினார். அவர் சொன்னது சிஸ்கோவின் சிசிஎன்ஏ, காம்ப்டியாவின் நெட்வொர்க் பிளஸ் போன்ற தொடக்கநிலை வலையமைப்புச் சான்றிதழ்களை. அரங்கம் நிறையக் கைதட்டல். 2022 மார்ச்சில் தமிழக அரசின் ‘நான் முதல்வன்’ திட்டம் வந்த பிறகு, பட்டத்தோடு திறன் சான்றிதழ் ஒன்றும் கையில் இருக்க வேண்டும் என்ற எண்ணம் நம் கல்லூரிகளில் நன்றாக வேர்பிடித்துவிட்டது. அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அன்று மேடையில் பேசியவர் இன்னொன்றும் சொன்னார்: “இந்தத் தேர்வில் தேறியவனுக்கு வேலை தெரியும்.” அந்த வாக்கியத்தோடுதான் எனக்குச் சண்டை. அது இன்று தொடங்கியதல்ல.

நல்லதை முதலில் சொல்லிவிடலாம். கொடைக்கானலிலோ பண்ணைக்காட்டிலோ இருக்கும் ஒரு பிள்ளைக்கு எங்கே தொடங்குவது, எதை அடுத்துப் படிப்பது என்று சொல்ல ஆளில்லை. சிசிஎன்ஏ பாடத்திட்டம் அந்த வரிசையைத் தருகிறது. பாக்கெட் ட்ரேசர் எனும் பயிற்சி மென்பொருள் இலவசம். ஒரு சுமாரான மடிக்கணினியில் பத்து ரவுட்டர்களை இணைத்துப் பார்க்கலாம். சப்நெட் எனும் முகவரிப் பிரிப்புக் கணக்கை மனத்தாலேயே போடப் பழகியவர்களுக்குப் பிறகு வரும் எதுவும் பயமாக இருப்பதில்லை. சென்னையிலும் கோவையிலும் இரவு ஷிப்டில் ஆள் எடுக்கும் நிறுவனங்கள், நூறு விண்ணப்பங்களில் பத்தைப் பிரித்தெடுக்க இந்தச் சான்றிதழைத்தான் பார்க்கின்றன. பெயர்பெற்ற கல்லூரியில் படிக்காதவர்களுக்கு இது திறக்கும் கதவு மெய்யானது. சிசிஎன்ஏ தேர்வுக் கட்டணம் 300 டாலர், வரியோடு ஏறத்தாழ 30,000 ரூபாய்; சான்றிதழ் மூன்றாண்டில் காலாவதியாகிவிடும். தமிழில் எழுத வழியில்லை. இவையும் குறைகள்தான். ஆனால் பணத்தைப் பற்றியும் மொழியைப் பற்றியும் மற்றவர்கள் நிறையவே எழுதிவிட்டார்கள்.

என் குறை வேறு. பத்தாண்டுகளுக்கு மேல் வலையமைப்பு வேலைக்கு ஆள் எடுக்கும் நேர்காணல்களில் உட்கார்ந்திருக்கிறேன். எல்லோரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்பேன்: “ஒரு வீட்டில் மழை பெய்தால் மட்டும் இணையம் போய்விடுகிறது. எங்கே தொடங்குவீர்கள்?” சான்றிதழோடு வந்தவர்களில் பெரும்பாலோர் ஒரு கட்டளையில் தொடங்குவார்கள். ரவுட்டிங் டேபிளைப் பார்ப்பேன், இன்டர்ஃபேஸ் நிலையைப் பார்ப்பேன், பிங் செய்வேன். மிகச் சிலரே என்னைத் திருப்பிக் கேட்டிருக்கிறார்கள்: எப்போதிலிருந்து இப்படி? மழை தொடங்கியதுமே போகிறதா, சற்று நேரம் கழித்தா? பக்கத்து வீட்டிலும் போகிறதா? அப்படித் திருப்பிக் கேட்டவர்களை நான் ஒருமுறைகூட நிராகரித்ததில்லை.

இந்தக் கேள்வி எனக்கு வில்பட்டியில் இருக்கும் என் அக்கா வீட்டிலிருந்து கிடைத்தது. ஒரு ஐப்பசி மாதம் முழுக்க இதே தொல்லை. வாடிக்கையாளர் சேவை எண்ணில் பேசியவர் ஒவ்வொரு முறையும் மோடத்தை அணைத்துப் போடச் சொன்னார். புகார் எண் கொடுத்தார். மழை விட்டதும் இணைப்பு தானாக வர, புகாரை முடித்துவிட்டார். நான்கு புகார்கள் இப்படி முடிந்தன. பிறகு, நானும் அங்கே இருந்த ஒரு நாளில், கேபிள்காரரிடம் வேலை பார்க்கும் ஒரு பையன் வந்தான். மோடத்தைத் தொடுவதற்கு முன்பே, “மழை விழுந்த உடனே போகுதா அக்கா, நனைஞ்ச பிறகா?” என்று கேட்டான். “அரை மணி நேரம் கழிச்சுத்தான் தம்பி, அதுவும் நல்ல மழைன்னாத்தான்” என்றாள் அக்கா. அவன் உடனே உள்ளே வரவில்லை. கம்பியைப் பார்த்தபடி சரிவில் இறங்கி நடந்தான். மூன்றாவது கம்பத்துக்கருகில் ஒரு தைலமரத்தின் தாழ்ந்த கிளை ஃபைபருக்கு ஒரு சாண் மேலே நின்றது. திரும்பி வந்து, வீட்டு முனையில் ஒளியை அளக்கும் பவர் மீட்டரைச் செருகி என் கையில் கொடுத்துவிட்டுப் போய்க் கிளையைக் கையால் அழுத்தினான். மைனஸ் 24-இல் இருந்த அளவு மைனஸ் 29-க்கு இறங்கியது. அந்த வகை மோடம் ஏறத்தாழ மைனஸ் 27 வரைதான் தாங்கும். நனைந்த கிளை கனத்துத் தாழ்ந்து கம்பியை அழுத்துகிறது. கம்பத்துக் கிளிப்பில் ஃபைபர் மடங்குகிறது. மடங்கிய இடத்தில் ஒளி வெளியே கசிகிறது. காய்ந்ததும் கிளை எழும்பிவிடும்.

அந்தப் பையனைத் தெய்வமாக்க நான் வரவில்லை. அவனுக்குச் சப்நெட் தெரியாது. ரவுட்டரில் ஒரு விதி எழுதச் சொன்னால் திணறுவான். ஆனால் அவன் செய்த நான்கு காரியங்களைப் பாருங்கள். நேரத்தைக் கேட்டான். கேட்டதிலிருந்து இடத்தை ஊகித்தான். ஊகத்தை அளந்து பார்த்தான். பழுதைத் தன் கையாலேயே மறுபடி வரவழைத்துக் காட்டினான். வலையமைப்பு வேலையின் உயிர் இதுதான் என்று நான் நம்புகிறேன். சிசிஎன்ஏ தேர்வு இந்த நான்கில் ஒன்றையாவது சோதிக்கிறதா?

தேர்வின் அமைப்பைப் பார்க்கலாம். 120 நிமிடம். தேவையான விவரங்கள் எல்லாம் கேள்வியிலேயே இருக்கும். விடையும் நான்கைந்து வாய்ப்புகளில் ஒன்றாக அங்கேயே இருக்கும். செய்முறைக் கேள்விகள் சில உண்டு; அவற்றிலும் என்ன செய்ய வேண்டும் என்பது எழுதியே இருக்கும். ஒரு கேள்வியைத் தாண்டிவிட்டால் திரும்பிப் பார்க்க முடியாது. மலையில் அந்தப் பையன் செய்தது முழுக்கத் திரும்பிப் பார்ப்பதுதான். பழுது எழுதிய தாளாக வருவதில்லை. “நெட் வரல” என்ற இரண்டு சொல்லாக வருகிறது. மீதியைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். விடைகளை மட்டும் பார்க்கும் தேர்வு, கேட்கத் தெரியாத ஒருவரை முழு மதிப்பெண்ணோடு வெளியே அனுப்பக்கூடும். அப்படி வந்தவர்கள் என் எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள்.

இதில் ஒரு சரிவும் நடந்திருக்கிறது. 2020 பிப்ரவரி 24-க்கு முன்பு நடைமுறையில் இருந்த சிசிஎன்ஏ பாடத்திட்டத்தில் பல வரிகளில் மூன்று வினைச்சொற்கள் வந்தன: அமை, சரிபார், பழுதைக் கண்டுபிடி. அன்று வந்த புதிய திட்டத்தில் முதல் இரண்டும் நின்றன. மூன்றாவது பெரும்பாலான இடங்களில் உதிர்ந்துபோனது. அந்த இடத்துக்கு ஆட்டோமேஷன் 10 சதவீதத்தோடு வந்து உட்கார்ந்தது. காலத்துக்கு ஏற்ற மாற்றம் என்பார்கள். எது போய் எது வந்தது என்று பார்த்தால் எனக்கு வருத்தமே மிஞ்சுகிறது.

காம்ப்டியாவின் நெட்வொர்க் பிளஸ் இதைவிடப் பரவாயில்லை என்று ஒத்துக்கொள்கிறேன். 2024-இல் வந்த அதன் புதிய பதிப்பில் பழுது கண்டறிதலுக்குத்தான் அதிகப் பங்கு, 24 சதவீதம். ஆனால் அதுவும் 90 நிமிடத்தில் திரையில் பார்த்துச் சொல்லும் பழுது. படிக்கிற முறை அதையும் கெடுத்துவிடுகிறது. எந்தப் பயிற்சி நிலையத்தில் கேட்டாலும் கடைசி மாதத்தில் கைக்கு வருவது ‘டம்ப்’ என்று பிள்ளைகள் சொல்லும் திருட்டு வினாத் தொகுப்பு. தடைசெய்யப்பட்டது என்று எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் படிக்கிறார்கள். பிள்ளைகளை நான் குறை சொல்லமாட்டேன். மனப்பாடத்துக்குப் பலன் தரும் தேர்வு மனப்பாடத்தைத்தான் வளர்க்கும். பழுதை வரவழைத்துக் காட்டச் சொல்லும் தேர்வுக்கு எவராலும் டம்ப் தயாரிக்க முடியாது.

இன்னொன்று. இன்று இந்தக் கொடைக்கானல் மலையில் வீடுகளுக்கும் விடுதிகளுக்கும் இணையம் வருவது பெரும்பாலும் ஜிபான் எனும் முறையில். ஒரே ஃபைபர், நடுவில் மின்சாரமே தேவைப்படாத ஸ்ப்ளிட்டர்கள். ஒளியை இரண்டாகப் பிரித்தால் 3 டெசிபல் குறையும். எட்டாகப் பிரித்தால் 9. அதற்குமேல் ஒவ்வொரு இணைப்புக்கும் வளைவுக்கும் கொஞ்சம். இந்தக் கணக்கு தெரியாமல் ஒரு தெருவுக்குக்கூட இணைப்பு கொடுக்க முடியாது. சிசிஎன்ஏ பாடத்திட்டத்தில் ஜிபான் இல்லை. 12,525 ஊராட்சிகளுக்கு ஃபைபர் கொண்டுசெல்லும் வேலை நடக்கும் மாநிலத்தில், வலையமைப்பு படித்தவர் என்று நாம் முத்திரை குத்துகிறவருக்குத் தன் வீட்டுச் சுவரில் தொங்கும் பெட்டி எப்படி வேலை செய்கிறதென்று பாடம் சொல்லவில்லை. அமெரிக்க அலுவலகக் கட்டடம் ஒன்றை மனத்தில் வைத்து எழுதிய பாடம் அது. அங்கே மின்சாரம் போகாது, மரம் விழாது, கம்பியில் குரங்கு தொங்காது. 2018 நவம்பரில் கஜா புயல் இந்த மலையைக் கடந்தபோது மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்து, பாதைகள் அடைபட்டு, மேல்மலைக் கிராமங்கள் துண்டாகிக் கிடந்தன. அன்று தேவைப்பட்டது எந்தக் கம்பியை முதலில் தூக்கினால் எத்தனை ஊர் எழும் என்று சொல்லக்கூடியவர். அந்த அறிவுக்கு எந்தச் சான்றிதழிலும் மதிப்பெண் இல்லை.

பழுதைக் கண்டுபிடிக்கச் சொல்லி இப்படியெல்லாம் சோதிப்பது நடக்காத காரியம் என்று எனக்குப் பலர் பதில் சொல்லியிருக்கிறார்கள். நடந்திருக்கிறது. அதே சிஸ்கோவின் உச்சநிலைத் தேர்வான சிசிஐஈ 2001 வரை இரண்டு நாள் தேர்வாக இருந்தது. தேர்வர் தன் கையால் ஒரு வலையமைப்பைக் கட்டி முடிப்பார். பிறகு அவரை வெளியே அனுப்பிவிட்டு, கண்காணிப்பாளர் அதை வேண்டுமென்றே கெடுத்து வைப்பார். திரும்பி வந்து கண்டுபிடிக்க வேண்டும். வேலை தெரிந்தவரை அறிய இதுவே வழி என்று அவர்களுக்கே தெரிந்திருந்தது. அடிநிலைக்கு அதைக் கொண்டுவரப் பெரிய செலவுமில்லை: அட்டுவம்பட்டியில் இருக்கும் பெண்கள் பல்கலைக்கழகத்திலோ அடிவாரத்துப் பாலிடெக்னிக் ஒன்றிலோ ஒரு அறை, நூறு மீட்டர் ஃபைபர், இரண்டு ஸ்ப்ளிட்டர், ஒரு பவர் மீட்டர், கெடுத்து வைக்கத் தெரிந்த ஒரு ஆசிரியர்.

கிளையை வெட்டி முடித்துவிட்டு அந்தப் பையன் அக்கா கொடுத்த காபியோடு திண்ணையில் உட்கார்ந்தான். “கீழ போய் இந்த லைன்லயே வேலை தேடலாம்னு இருக்கேன் சார். என்ன படிக்கலாம்?” என்றான். சிசிஎன்ஏ படி என்றுதான் சொன்னேன். அது இல்லாமல் அவனை எந்த நேர்காணலுக்கும் கூப்பிடமாட்டார்கள். பாடத்திட்டத்தை அலைபேசியில் திறந்து காட்டினேன். விரலால் நகர்த்திக்கொண்டே வந்தவன் நிமிர்ந்து, “இப்ப செஞ்சேனே, இது எதுல சார் வருது?” என்று கேட்டான். முதல் பகுதியில், கேபிள் கோளாறுகளை இனம்காணுதல் என்று ஒரு வரி இருந்தது. அதைக் காட்டினேன்.